சிறிமாவோவின் நாட்டிலிருந்து வந்தவர்கள்

எண்பதுகளின் கடைசியில் நான் நோர்வேக்கு வந்து சேர்ந்தபோது இந்த நாட்டை ஆண்டது ஒரு பெண், குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட். 1986இல் அவர் அமைத்த அமைச்சரவையின் 18 பேரில் 8 பேர் பெண்கள். வடக்கே பின்மார்க்கில், மீன் ஆலை வேலை முடிந்து பின்னேரம் போகும் நொஸ்க் (நோர்வே மொழி) வகுப்பில், ஆசிரியை இதைப் பெருமையோடு சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "ஆனால் உங்கள் நாடு எங்களை இருபது வருடம் முந்திவிட்டது" என்றார். உண்மைதான். புருண்ட்லாண்ட் முதன்முதல் பிரதமரானது 1981இல். இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்க 1960 ஜூலையிலேயே பதவியேற்றுவிட்டார். உலகத்தின் முதல் பெண் பிரதமர் அவர். வகுப்பிலிருந்த தமிழர் எவரும் வாய் திறக்கவில்லை.

நவம்பர் கடைசியில் மறையும் சூரியனை ஜனவரி நடுவில்தான் மறுபடி காணக்கூடிய ஊர் அது. வேலைக்குப் போவதும் இருட்டில், வருவதும் இருட்டில். ஒரே வீட்டில் தங்கியிருந்த பெடியன்கள் சோறு காய்ச்சிச் சாப்பிட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டிருப்போம். ஆசிரியை தொடக்கிவைத்த கதை பல இரவுகளுக்கு நீண்டது. சிறிமாவோவைப் பற்றி ஆளுக்கொரு கணக்கு இருந்தது.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். புன்னாலைக்கட்டுவன் பக்கம் செம்பாட்டு மண்ணில் அப்பாவுக்குத் தோட்டம். 1970இல் சிறிமாவோ மறுபடி ஆட்சிக்கு வந்தபின் வெங்காயமும் செத்தல் மிளகாயும் வெளிநாட்டிலிருந்து இறக்குவதை அரசு கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்குத் தெற்கில் பெரிய கிராக்கி. சுன்னாகம் சந்தையிலிருந்து லொறி லொறியாகப் போனது. இதே காலத்தில் நாட்டின் மற்றப் பக்கங்களில் பாணுக்கு விடியற்காலையிலேயே கியூ. அரிசியை விரும்பிய இடத்துக்குக் கொண்டுபோகத் தடை. மலையகத் தோட்டங்களில் 1973, 1974இல் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். எங்கள் வீடோ அந்த வருடங்களில்தான் கல்வீடானது. இறைப்பு மெசின் வந்தது, அக்காவின் கலியாணம் நடந்தது. "சிறிமாவின்ரை காலம்தான் தோட்டக்காரன்ரை காலம்" என்று அப்பா சாகும்வரை சொன்னார். 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன இறக்குமதியைத் திறந்துவிட்டபின் விலை விழுந்ததையும் பார்த்தவர் அவர். 1982 ஜனாதிபதித் தேர்தலில் சிறிமாவோவின் கட்சிக்காக நின்ற, அவரது ஆட்சியில் விவசாய அமைச்சராக இருந்த ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு யாழ் மாவட்டத்தில் ஜே.ஆரைவிட அதிக வாக்கு விழுந்தது. ஒரு சிங்களத் தலைவருக்கு எங்கள் ஊர்த் தோட்டக்காரர் வரிசையில் நின்று புள்ளடி போட்டார்கள் என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவது கஷ்டம்.

அதே வீட்டில்தான் அண்ணாவும் இருந்தார். மருத்துவம் படிக்கவேண்டும் என்று லாம்பு வெளிச்சத்தில் இருந்து படித்த பிள்ளை. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தலைக் கொண்டுவந்தார். 1971இல் மருத்துவத்துக்குத் தமிழில் எழுதியவருக்கு 250 புள்ளி வேண்டும். சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதும். அண்ணாவின் புள்ளி அந்த இரண்டுக்கும் இடையில் இருந்தது. அடுத்த முறையும் எழுதினார், கிடைக்கவில்லை. அவரை லண்டனுக்கு அனுப்ப அப்பா வெங்காயம் விற்ற காசைத்தான் எடுத்தார். அவரைப் போகவைத்ததும் போவதற்குக் காசு தந்ததும் ஒரே ஆட்சி. எங்கள் குடும்பத்தில் முதலில் வெளிநாடு போனவர் அவர்தான்.

எங்களோடு மீன் சீவிய ஒருவர் வவுனியாவில் வளர்ந்தவர், பூர்வீகம் மலையகம். அவர் வைத்திருந்த கணக்கில் வெங்காயமும் இல்லை, புள்ளியும் இல்லை. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் மலையகத் தமிழரைப் பற்றிச் செய்த ஒப்பந்தம்தான் இருந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம். அந்த மிச்சத்தை 1974இல் இந்திரா காந்தியோடு சரிசமமாகப் பிரித்தார்கள். தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்த சனங்களை எண்ணிப் பங்குபோட்டபோது அவர்களை எவரும் கேட்கவில்லை. அவருடைய தாத்தாவும் பாட்டியும் தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரியில் அகதிகளுக்கென்று போட்ட தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கொழுந்து பறித்தார்கள். குடியுரிமையை முதலில் பறித்தது 1948இல் டி.எஸ். சேனநாயக்கவின் அரசு என்பதையும் அவரே நியாயமாகச் சொல்வார்.

நோர்வேயில் மூன்று வருடம் வசித்த வெளிநாட்டவர் கொம்யூன் (உள்ளூராட்சி) தேர்தலில் வாக்களிக்கலாம். 1983இலிருந்து இருக்கும் விதி. 1991இல் அவரும் நானும் ஒன்றாகப் போய் வாக்குப் போட்டோம். அவருடைய அப்பா பிறந்த மண்ணில் அநேக காலம் வாக்கில்லாமல் இருந்தவர். வெளியே வந்ததும் அந்த மனிதர் அழுதார். நானும் அழுதேன்.

மற்றவை எல்லாருக்கும் தெரிந்தவை. 1961இல் யாழ் கச்சேரிக்கு (மாவட்ட அரச செயலகத்துக்கு) முன்னால் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் மேல் இராணுவத்தை அனுப்பியது, 1972 அரசியலமைப்பில் சிறுபான்மையோருக்கிருந்த பாதுகாப்புப் பிரிவை எடுத்துவிட்டுப் பௌத்தத்துக்கு முதன்மை கொடுத்தது, 1974 ஜனவரியில் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் பொலிஸ் புகுந்து உயிர்கள் போனது. 1971 கிளர்ச்சியில் அவரது அரசு கொன்ற இளைஞர்களோ சிங்களப் பிள்ளைகள்.

ஆனாலும் அவரை வெறும் விதவை வேடம் என்று தட்டிவிடுவோருடன் எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. 1959இல் கணவர் சுடப்பட்டு இறந்து ஒரு வருடம் ஆகமுன் ஒரு கட்சியைத் தூக்கி நிறுத்தினார். இந்திய சீனப் போருக்குப் பிறகு 1962 டிசம்பரில் சமரசம் பேசக் கொழும்பில் மாநாடு கூட்டினார். 1976இல் அணிசேரா நாடுகளின் தலைவர்களை அதே கொழும்புக்கு அழைத்தார். 1980இல் ஜே.ஆர். அரசு அவரது குடியியல் உரிமையை ஏழு வருடத்துக்கு என்று பறித்தபோதும் அரசியலை விட்டு ஓடவில்லை. 2000 அக்டோபர் 10இல், தேர்தலில் வாக்களித்துவிட்டு வீடு திரும்பும் வழியில் இறந்தார்.

மகள் எட்டாம் வகுப்பில் படித்தபோது பெண் தலைவர்களைப் பற்றிப் பேசும் ஒப்படை வந்தது. வகுப்பில் மற்றவர்கள் புருண்ட்லாண்ட், தாட்சர் என்று எடுக்க, இவள் சிறிமாவோவை எடுத்தாள். நான் வெங்காயக் கதையைச் சொன்னேன். அவள் அது போதாது என்று லண்டனுக்கு ஃபோன் அடித்துப் பெரியப்பாவிடம் கேட்டாள். அவர் ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் நினைவிலிருந்தே சொன்னாராம். பிறகு, "அவ மட்டுமில்லைப் பிள்ளை, பின்னாலை வந்தவையும் எங்களுக்கு ஒண்டும் செய்யேல்லை. அதையும் எழுது" என்றாராம். அவள் இரண்டையும் எழுதினாள், ஒப்பந்தத்தையும் சேர்த்தாள். நேரம் போதாமல் அணிசேரா மாநாட்டை மட்டும் விட்டுவிட்டாள்.