கயிறு திரிக்கும் குலம்: ஒரு நாட்குறிப்பு

பிப்ரவரி 4

கதைக்கென்று ஒரு நாடோடிக் குலம் வேண்டும். இப்போதைக்குப் பெயர் 'சுவடர்'. சடங்கிலிருந்து தொடங்கினால் அலங்காரம்தான் மிஞ்சும் என்பதால் தலைக்கணக்கிலிருந்து தொடங்கியாயிற்று. 22 கூடாரம், 130 பேர், ஆயிரம் வெள்ளாடு, 60 ஒட்டகம்.

130 பேர் உள்ள கூட்டத்தில் ஒரே வயதுப் பிள்ளைகள் மூன்று, நான்கு பேர்தான் தேறுவார்கள். சில ஆண்டு ஒருவரும் இருக்க மாட்டார். ஆண்டுதோறும் பெருவிழா என்று எழுதிவிட்டால் ஒரே ஒரு பையனைச் சுற்றி 129 பேர் ஆடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கிழக்கு ஆப்பிரிக்காவின் மசாய் மேய்ப்பர்களிடம் பல ஆண்டுகளில் பிறந்தவர்கள் சேர்ந்து ஒரே வயதுக் குழுவாக நகர்கிறார்கள். சுவடருக்கும் அதுவே பொருந்தும்: நாலு ஆண்டுக்கு ஒரு முறை, 12 முதல் 16 பிள்ளைகள்.

சிங்கத்தைக் கொன்று வந்தால்தான் ஆண்மகன் என்ற யோசனை எழுதின வேகத்திலேயே அடிபட்டது. தலைக்கு ஒரு சிங்கம் என்றால் இரண்டு சுற்றில் அந்தப் பக்கம் சிங்கமே இருக்காது. பிள்ளைகளும் பாதிதான் இருப்பார்கள்.

பிப்ரவரி 5

நீர்க்கணக்கு. வெயில் காலத்தில் ஒரு வெள்ளாட்டுக்கு நாளைக்கு 4 லிட்டராவது வேண்டும். ஆயிரத்துக்கு 4,000. தோல் வாளி 15 லிட்டர் பிடித்தால் 267 முறை இறைக்க வேண்டும். கிணறு பத்தாள் ஆழம், அதாவது சுமார் 16 மீட்டர். ஒரு தடவை இறைக்க ஒன்றரை நிமிடம் என்று வைத்தாலும் 400 நிமிடம், ஆறரை மணி நேரத்துக்கு மேல். ஒட்டகமும் மனிதரும் இன்னும் வாய் நனைக்கவே இல்லை. கிணறும் அந்த வேகத்துக்கு ஊறாது.

ஆகவே கோடையில் குலம் நாலாகப் பிரிந்தே தீர வேண்டும். கிணற்றுக்கு 250 ஆடு, 67 இறைப்பு, 100 நிமிடம். இது நடக்கிற காரியம். ஆனால் பிரிந்து கிடக்கும் நாளில் எந்தச் சடங்கும் நடக்காது. குட்டி போடும் காலத்திலும் நடக்காது, ஏனென்றால் ஒரு கை கூடச் சும்மா இருக்காது. முதல் மழைக்குக் குட்டி விழ வேண்டுமானால், சினைக்காலம் 150 நாள் என்பதால், ஐந்து மாதம் முன்னதாகக் கிடா சேர்க்க வேண்டும். மற்ற நாளெல்லாம் கிடாவின் அடிவயிற்றில் தோல் மறைப்பு தொங்கும். ஆப்பிரிக்க மேய்ப்பர்களிடம் உள்ள வழக்கம்தான் இது.

இதெல்லாம் போக மிஞ்சுவது மழை ஓய்ந்த பின் ஒன்றரை மாதம். புல் இருக்கும், பால் இருக்கும், பள்ளங்களில் தண்ணீர் நிற்பதால் எல்லாரும் ஒரே இடத்தில் தங்கலாம். நைஜரில் வொடாபே மக்களின் கெரெவோல் விழாவும் மழைக்கால முடிவில்தான் வருகிறது.

பிப்ரவரி 8

நாலு ஆண்டு ஆயிற்று என்பது எழுத்தும் நாட்காட்டியும் இல்லாதவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தால் தெரியும். வெள்ளாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது; கீழே எட்டு. ஒன்று, ஒன்றேகால் வயதில் நடுவிலுள்ள இரண்டு பால்பல் விழுந்து பெரிய பல் முளைக்கும். பிறகு ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு சோடி. நாலு வயதை ஒட்டி எட்டும் நிறைந்துவிடும்.

ஒரு சடங்கு முடிந்த பின் பிறக்கும் முதல் பெட்டைக் குட்டி 'சாட்சி ஆடு'. அது எட்டுப் பல்லும் போட்ட பிறகு வரும் மழை முடிவில் அடுத்த சடங்கு.

உடனே ஓட்டை தெரிந்தது. சாட்சி செத்துப்போனால்? ஓநாய் அடித்தால்? ஆகவே மூன்று குட்டிகள். பல் முளைப்பு ஆட்டுக்கு ஆடு முன்பின் ஆகும் என்பதால், மூன்றில் எது முதலில் வாய் நிறைகிறதோ அதுவே கணக்கு. நாலு என்பது சில சமயம் ஐந்தாகும். 'போன தடவை சாட்சி சோம்பேறி' என்று பெரிசுகள் சொல்லிக்கொள்ளட்டும். அதனால் ஒரு பிள்ளை 17 வயது வரை காத்திருக்க நேரும், பக்கத்தில் 12 வயதுப் பொடியன் நிற்பான். இந்த உரசலைச் சரிசெய்யப் போவதில்லை. கதைக்கு அது வேண்டும்.

பிப்ரவரி 11

முதல் பல் முளைத்த குழந்தைக்கு ஒரு பெட்டைக் குட்டி. வட ஐரோப்பாவில் கலைமான் மேய்க்கும் சாமி இன மக்களிடம் முதல் பல்லுக்குக் கலைமான் கொடுக்கும் வழக்கம் உண்டு; அதிலிருந்து எடுத்தது. சுவடரிடம் ஆட்டுக்கும் பல்தான் கணக்கு என்பதால் இது இங்கே தானாகவே உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் குட்டியின் வம்சம் முழுக்கப் பிள்ளைக்குச் சொந்தம். கிடாக்குட்டி மட்டும் கூடாரத்துச் சட்டிக்கு. பஞ்சம், நோய் எல்லாம் கழித்து 12 ஆண்டில் எட்டோ பத்தோ பெட்டை நின்றால் நல்ல கை.

யாருடைய ஆடு என்று தெரிய காது வெட்டு. இடது காது கூடாரத்துக்கு, வலது காது ஆளுக்கு. இதில்தான் நாலு மணி நேரம் போயிற்று. காதில் வெட்டைக் கூட்டலாம், குறைக்க முடியாது. மேல் விளிம்பில் ஒரு பொளி உன் அடையாளம், மேலும் கீழும் ஒவ்வொரு பொளி என் அடையாளம் என்றால், ராத்திரியில் ஒரு கத்தியோடு வந்து உன் ஆட்டை என் ஆடாக்கிவிடுவேன். காலையில் எந்தப் பஞ்சாயத்தும் செல்லாது.

தீர்வு: எல்லாருக்கும் வெட்டு எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். அப்போது ஒன்றைக் கூட்டினால் அது எவருடைய அடையாளமும் ஆகாது, திருட்டு அடையாளம் ஆகும். காதில் ஐந்து இடம், அதில் இரண்டு வெட்டு என்றால் பத்து வகைதான். 22 கூடாரத்துக்குப் போதாது. ஆறில் மூன்று என்றால் 20, இரண்டு குறைகிறது. ஏழு இடத்தில் மூன்று வெட்டு, 35 வகை. நுனி, மேல் விளிம்பில் இரண்டு, கீழ் விளிம்பில் இரண்டு, நடுத் துளை, நுனிப் பிளவு. நுனியை அரிந்து பிளவும் போட்டால் சின்னக் காதில் குழம்பும் என்பதால் சுவடர் ஆடு நீளக் காது ஆடாக இருக்கட்டும். நாலு வெட்டுக் காதுள்ள ஆடு கிடையில் அகப்பட்டாலே போதும், விசாரணை தொடங்கிவிடும். 'நாலு வெட்டுக்காரன்' அவர்கள் பேச்சில் திருடனுக்குப் பெயர்.

பிப்ரவரி 12

காது வெட்டு ஈ குறைந்த குளிர் நாளில்தான். மழைக்காலத்தில் வெட்டினால் புழு வைக்கும், காது பாதி அழுகி அடையாளமே மாறிப்போகும். வெட்டியதும் சாம்பல்.

பிப்ரவரி 17

முகமூடி, கொடிமரம், பெரிய முரசு எல்லாம் பட்டியலில் இருந்தன. ஒட்டகத்துக்குப் பாரம் 150 கிலோ என்று வைத்துப் பார்த்தால், நாலு ஆண்டுக்கு ஒரு நாள் அடிக்கிற முரசை மீதி நாளெல்லாம் யார் சுமப்பது? எல்லாம் வெட்டு. தினமும் கையில் இருக்கும் சாமான்தான் சடங்கிலும் வரலாம் என்பது விதி.

முரசுக்குப் பதில் உரல். சஹாராவின் துவாரெக் பெண்கள் தானியம் குத்தும் மர உரலின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி அடிப்பார்கள். தெண்டெ என்பது அதன் பெயர். தோலை நனைத்துக் கட்ட வேண்டும், காயக் காய இறுகும். இறுக்கம் குறைந்தால் சத்தம் 'தொப் தொப்' என்று செத்துவிடும், மறுபடி தண்ணீர் தெளித்து இழுக்க வேண்டும். விடிந்ததும் தோலை அவிழ்த்தால் உரல் பழைய வேலைக்குப் போய்விடும்.

பிப்ரவரி 20

இனிச் சடங்கின் நடுப்பொருள். எத்தியோப்பியாவின் ஹமர் இளைஞன் வரிசையாக நிறுத்திய மாடுகளின் முதுகில் ஏறி ஓடுகிறான். அவன் பிழைப்பே மாடு, சோதனையும் மாட்டின் மேல். சுவடர் பிழைப்பு எதில் தொங்குகிறது என்று 5ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டினாலே தெரிகிறது: கிணற்றுக் கயிற்றில். ஆகவே பிள்ளை தன் சொந்த ஆட்டின் ரோமத்தில் கிணற்றுக் கயிறு திரித்து, அதில் குலத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். கதை எழுதுகிறவரும் கயிறு திரிக்கிறவர்தானே என்று யாரும் சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிடுவது நல்லது.

பத்தாள் கிணற்றுக்குப் பிடியும் முடிச்சும் சேர்த்து 20 மீட்டர் கயிறு, 44 முழம். முறுக்கும்போது மூன்றில் ஒரு பங்கு நீளம் உள்ளே போய்விடும். கயிற்றுக்கு மூன்று புரி, அதாவது மூன்று இழை. ஆகப் புரி ஒன்று 66 முழம், மூன்றுக்கும் 198. விரல் கனத்துக்கு ரோமம் ஒன்றரைக் கிலோ ஒதுக்க வேண்டும். கழிவும் அதில் அடக்கம். ஆட்டுக்கு 300 கிராம் கிடைத்தால் ஐந்து ஆடு. பல் முளைத்தபோது கொடுத்த குட்டி இங்கேதான் வந்து நிற்கிறது.

பிப்ரவரி 21

திரிக்கும் முறை. கத்தரித்த ரோமத்தைக் குச்சியால் அடித்து மண்ணும் முள்ளும் உதிர்க்க வேண்டும். குட்டி ரோமம் சேர்க்கக் கூடாது. குட்டையாக, வழவழப்பாக இருப்பதால் பிடி இல்லாமல் நழுவும். மேய்ச்சலில் நடந்துகொண்டே தக்களியில் நூற்கலாம். நூற்பது வலம்புரி. மூன்று புரியையும் சேர்த்து முறுக்குவது இடம்புரி. புரி தன்னை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும், கயிறு எதிர்த்திசையில் அவிழப் பார்க்கும், இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். இரண்டையும் ஒரே திசையில் முறுக்கினால் கையை விட்டதும் பிரிந்துவிடும். முதல் தடவை திரிப்பவர் எல்லாரும் செய்கிற தப்பு.

அதைவிடக் கெட்ட தப்பு பார்வைக்குத் தெரியாது. மூன்று புரியில் ஒன்றை விறைப்பாகவும் மற்றதைத் தொய்வாகவும் பிடித்தால், விறைத்தது நேராக நிற்க மற்ற இரண்டும் அதைச் சுற்றிக்கொள்ளும். பாரம் முழுவதும் அந்த ஒன்றின் மேல்தான் விழும். அது அறும், பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. தடவிப் பார்த்தால் மூன்று மேடும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று குழிந்து உள்ளே போயிருந்தால் பிரித்து மறுபடி. அத்தைகள்தான் சோதிப்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால்.

ஆடு செத்து ரோமம் பற்றாத பிள்ளைக்குக் கடன் உண்டு. கடன் ரோமம் வேறு நிறத்தில்தான் கொடுக்க வேண்டும். கறுப்புக் கயிற்றில் வெள்ளைத் திட்டு ஓடும். எவ்வளவு கடன் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

பிப்ரவரி 25

பிரிதல், இடைநிலை, சேர்தல் என்று சடங்குகளை மூன்றாகப் பகுத்தவர் ஆர்னால்ட் வான் கென்னெப், 1909இல். இடைநிலைக்கு இங்கே ஐந்து இரவு. பிள்ளைகள் கூடாரத்துக்குள் நுழையக் கூடாது, பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. அந்த நாளில் அவர்கள் எல்லாரும் 'புரி' மட்டுமே. "ஏ புரி, இங்க வா" என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம்.

15 பிள்ளைகளுக்கு 15 கறவை ஆடு. ஒன்று அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் தரும். பட்டினி கிடையாது, நிறைவும் கிடையாது. குட்டிகளைப் பிரித்தே வைக்க வேண்டும், இல்லையென்றால் விடிவதற்குள் மடி காலி. தங்கும் இடம் வறண்ட ஆற்றுப் படுகையாக இருக்கக் கூடாது என்பது ஒன்றே கட்டாயம். மணல் மெத்தையாக இருக்கும், காற்றும் அடிக்காது. எங்கோ பெய்த மழை ராத்திரியில் வந்து இழுத்துப்போகும்.

மார்ச் 1

கிணற்று நாள். பொழுது விடியுமுன் கயிற்றை ஈரத்தில் ஊற வைத்துப் பிழிந்து நீட்டிக் கட்டுவார்கள். புதுக் கயிறு முறுக்கிக்கொண்டு வாளியைப் பம்பரமாகச் சுற்றாமல் இருக்க. ஒரு பிள்ளைக்கு ஏழு வாளி. முதல் வாளி ஆட்டுக்கு, கடைசி வாளி இறைத்த பிள்ளைக்கு. நடுவில் உள்ளது யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை.

கயிறு அறுவது பெரும்பாலும் நடுவில் அல்ல. விளிம்புக் கல் தேய்க்கும் இடத்தில் அறும். பழைய கிணற்றுக் கல்லில் கயிறு ஓடி ஓடி விழுந்த பள்ளங்கள் இருக்கும். அதில் வழவழப்பான பள்ளத்தைத் தேர்ந்து போடுகிறவர் பாதி ஜெயித்தவர். அவசரத்தில் கூர் விளிம்பில் போட்டால் நாலாவது வாளிக்குள் பஞ்சு பறக்கும்.

அறுந்தால் என்ன? வாளி குலத்துச் சொத்து, அதை எடுத்தாக வேண்டும். பாதாளக் கரண்டியை வேறொருவர் கயிற்றில் கட்டி, அறுத்த பிள்ளையே துழாவி எடுக்க வேண்டும். சிரிக்கலாம், திட்டக் கூடாது. எடுத்த பின் அறுந்த இடத்தை முடிச்சுப் போடாமல் புரி பிரித்துப் பின்னிச் சேர்க்க வேண்டும். முடிச்சு கல்லில் மாட்டும். பின்னிய கயிற்றில் மீதி வாளியை இறைத்துவிட்டால் தேறிய கணக்குதான். அந்தப் பின்னல் உள்ளவர்களிடம்தான் பிற்காலத்தில் ஒட்டுப் போடும் வேலை வரும் என்று வைத்தால் அழகாக இருக்கும். கொஞ்சம் அழகு அதிகமோ? இருக்கட்டும்.

மார்ச் 3

பெண் பிள்ளைக்குத் தனிச் சடங்கா என்று இரண்டு நாள் இழுபறி. முதல் தீட்டுக்குத் தனிக் குடிசை என்பது நின்ற ஊருக்குச் சரி. நாலு நாளுக்கு ஒரு முறை கிளம்பும் கூட்டத்தில் குடிசையை யார் போடுவது? நூற்பதும் இறைப்பதும் பெண்கள் கையிலும் இருக்கும்போது கயிற்றை ஆணுக்கு மட்டும் கொடுத்தால் பொய்யாகிவிடும். ஒரே சடங்கு, இருவருக்கும். தீட்டு வந்த நாளில் பாட்டி தன் தக்களியைப் பேத்திக்குக் கொடுப்பாள். அவ்வளவுதான், பந்தி கிடையாது.

மார்ச் 6

கயிறு பிறகு என்ன ஆகும்? தினமும் இறைக்கிற கயிறு தேயாமல் இருக்காது. தேய்ந்த புரியை மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். முப்பது ஆண்டில் முதல் ரோமம் ஒரு சாண்கூட மிஞ்சாது. ஆனாலும் அது அதே கயிறுதான், அதே ஆள்தான்.

ஆள் இறந்தால் கயிற்றைப் புதைப்பதில்லை. தேயாத பகுதியை வெட்டி, முதல் பல் முளைத்த குழந்தைகளின் குட்டிகளுக்குத் தும்பு கட்டுவார்கள். தும்புக்கு மூன்று முழமாவது நல்ல கயிறு வேண்டும். கிழக் கயிற்றில் தேறுவது பத்து முழம் இருந்தால் பெரிது. மூன்று தும்பு. பேரப்பிள்ளை ஆறு பேர் என்றால் யாருக்கு என்று நாளைக்குத்தான் பார்க்க வேண்டும்.