அண்ணன் கேட்ட ஒரே கேள்வி
2025 மெர்டேக்கா (மலேசியச் சுதந்திர நாள்) இரவு பதினொன்றரைக்கு லிவர்பூல்–ஆர்சனல் ஆட்டம். நான் ஆர்சனல் ரசிகன். கோலாலம்பூர் செந்தூலில் வழக்கமான மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவுக் கடை). பெரிய திரைக்கு நேராக மூன்று மேசைகளை இழுத்துச் சேர்த்துப் போட்டோம். எதிரே லிவர்பூல் சட்டையில் நம்ம அண்ணன். 83ஆவது நிமிடம் வரை நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அப்புறம் லிவர்பூலின் சொபோஸ்லாய் வெகு தூரத்திலிருந்து ஃப்ரீ கிக்கில் ஒரு கோல் அடித்தார். அண்ணன் மேசையைத் தட்டிய தட்டில் என் தே தாரிக்கில் (ஆற்றிய பால் தேநீர்) பாதி ரொட்டி சானாய் மேல் கொட்டியது.

“இந்த சம்மர்ல எத்தனை பேரை வாங்கினீங்க தம்பி?” அவ்வளவுதான் கேட்டார்.

நியாயமான கேள்விதான். கியோகெரெஸ், சுபிமெண்டி, மதுவெகே, எசே என்று ஆர்சனல் அள்ளிப்போட்டது. இதில் சுபிமெண்டி ஒருவர்தான் நடுக்களத்துக்கு நிஜமாகவே தேவைப்பட்டவர் என்பது என் கட்சி. எசே கதை தனி. 13 வயதில் நம் அகாடமியே வேண்டாமென்று அனுப்பிய பையன். அந்த சம்மரில் 60 மில்லியன் பவுண்டு கொடுத்துத் திரும்பக் கூட்டி வந்தோம். வீட்டுக் குத்துவிளக்கைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு, அதையே கடையில் போய் வாங்கின மாதிரி.

அதுவரை மூன்று பருவமாக ஆர்சனலுக்கு இரண்டாம் இடம். அப்போதைக்குக் கடைசியாகப் பிரிமியர் லீக் பட்டத்தை வென்றது 2004இல், நான் அப்போது நான்காம் படிவம்.

அன்றைய பில் என் தலையில். மறுநாள் நடுநிசி தாண்டி அண்ணனிடமிருந்து வாட்சப்: லிவர்பூல் புதிதாக வாங்கிய முன்கள வீரர் ஈசாக்கின் படம், கீழே ‘125 மில்லியன்’. கூடவே ஒரு தே தாரிக் படமும்.