சார்ஜ் லைட்டுக்கு ஒரு பல்பு

"லைட்டெல்லாம் எதுக்குண்ணே, சாவி ஸ்விட்சை மட்டும் மாத்திக் குடுங்க. விடியக்காலம் ஆளுகள ஏத்தணும்."

டாஷ்போர்டில் சார்ஜ் லைட் எரியவில்லை, மாற்றட்டுமா என்று கேட்டதற்கு ஜீப் டிரைவர் சொன்ன பதில் அது. நான் "சரி" என்றேன். அந்தச் "சரி"தான் இன்னும் உறுத்துகிறது. கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோகும் பழைய டீசல் ஜீப் அது.

ஸ்விட்ச் வேலையில் குறை இல்லை. முதலில் பாட்டரி எர்த்தைக் கழற்றினேன். எத்தனையோ கை பட்ட வண்டியில் ஒயர் நிறத்தை நம்ப முடியாது. ஒவ்வொன்றிலும் டேப் சுற்றிக் குறித்தேன். மாட்டியபின் டெஸ்ட் லாம்ப் வைத்தேன். ஸ்விட்சின் 'பி' முனையில் எப்போதும் கரண்ட். 'ஐ.ஜி.'யில் சாவி ஆனிலும், செல்ஃப் அடிக்கும்போதும். 'எஸ்.டி.'யில் செல்ஃப் அடிக்கும்போது மட்டும். எஸ்.டி. ஒயர் மாறி ஐ.ஜி.யில் ஏறினால் இன்ஜின் ஓடினாலும் செல்ஃப் விடாது, கருகிவிடும். பாட்டரி பிளஸ்ஸுக்கும் ஐ.ஜி.க்கும் நடுவே மீட்டர் வைத்தால், பழைய ஸ்விட்ச் 1 வோல்ட்டுக்கு மேல் தின்றிருந்தது. புதியதில் 0.1.

சார்ஜ் லைட் பல்பு ஃபியூஸ். அதைப் பார்த்துவிட்டுத்தான் பேச்செடுத்தேன்.

பாட்டரியைச் சார்ஜ் செய்ய முன்பு வந்த டைனமோ, தன்னிடம் மிஞ்சிய பழைய காந்தத்திலேயே எழுந்துகொள்ளும். அதற்குப் பின் வந்த ஆல்டர்னேட்டரில், உள்ளே சுழலும் ரோட்டர் சுருளுக்கு முதலில் கொஞ்சம் கரண்ட் ஊட்ட வேண்டும். ஐ.ஜி.யிலிருந்து அந்த 3 வாட் பல்பு வழியாக ஆல்டர்னேட்டரின் டி.பிளஸ் முனைக்குப் போகும் கால் ஆம்பியர்தான் அந்த ஊட்டு. சார்ஜ் எழுந்ததும் பல்பின் இரண்டு பக்கமும் ஒரே வோல்ட், லைட் அணைகிறது. பல்பு இல்லையென்றால் இன்ஜினை நன்றாக முறுக்கினால்தான் சார்ஜ் எழும். பல்பை விட்டு நேரே ஒயரை முறுக்கிவிடுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம்: இன்ஜின் நின்று சாவி ஆனில் இருந்தால் ரோட்டர் மூன்று நான்கு ஆம்பியர் இழுக்கும். ஓடும்போது சாவியை அணைத்தால் உள்ளிருக்கும் சின்ன டயோடுகள் வண்டியின் மொத்த லைனையும் சுமந்து கருகிப்போகும். இன்ஜினை நிறுத்த ஸ்டாப் கேபிள் இழுக்கும் டீசல் வண்டிக்காரர்கள் சாவியை அணைத்துவிட்டுத்தானே அதை இழுக்கிறார்கள்.

மேட்டில் முதல் கியரில் முறுக்கும் வண்டி, தானாக எழுந்துகொள்ளும் என்று நினைத்தேன். தப்பில்லை, காலையில் அப்படித்தான் எழுந்தது. சாயங்காலம் இறங்கும்போது? டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, ஹெட்லைட் போட்டுக்கொண்டு இறங்குகிற வண்டி. இன்ஜின் முறுக்காததால் சார்ஜ் எழாது; ஹெட்லைட் பல்பு இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் பாட்டரியிலிருந்தே போகும். இது எனக்குத் தெரியாததல்ல. பாட்டரியும் பழசு. மறுநாள் விடியலில் இன்ஜினைச் சூடேற்றும் ஹீட்டர் கரண்ட் இழுத்ததும் செல்ஃப் 'டக்' என்று நின்றது. வண்டிக்குக் காத்துநின்ற பெண்களுக்கு அன்றைய கூலி போயிற்று.

அவன்தானே வேண்டாம் என்றான்? ஆனால் அவன் வேண்டாம் என்றது ஒரு விளக்கை. அது விளக்கு மட்டுமில்லை என்று நான் சொல்லவில்லையே. அவசரத்தில் சொன்னாலும் கேட்டிருக்க மாட்டான் என்றும் தோன்றுகிறது. கேட்காமலே மாட்டியிருந்தால்தான் என்ன, ஐந்து நிமிஷ வேலை.

"புது ஸ்விட்ச் மட்டம்ணே" என்றபடி வந்தான். நான் மறுக்கவில்லை. பல்பு போட்டு, அது போனாலும் சார்ஜ் எழட்டும் என்று பக்கத்திலேயே 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டரும் வைத்தேன். எவ்வளவு என்று கேட்டான். காசை வாங்கிக்கொண்டேன்.