ஒன்பதிலிருந்து பத்துக்கு: ஒரு மியாட்டா எஞ்சினின் குளிர்காலம்

ஜனவரி 6, 2024, சனி

அமெரிக்காவின் ராலே நகரம். கராஜில் விரல் விறைக்கிற குளிர். என் 1995 மாஸ்டா மியாட்டா காரின் 1.8 லிட்டர் எஞ்சினை இறக்கி ஸ்டாண்டில் மாட்டியாயிற்று. ஆறு மாதமாக ஆயில் குடிக்கிறது. பிஸ்டனைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரிங்குகளை மாற்றியே தீர வேண்டும். பிரிக்கிற கையோடு 2001–2005 மியாட்டாவின் பிஸ்டன்களைப் போட்டுவிடுவது என்று முடிவு. இரண்டுக்கும் போர் (சிலிண்டரின் விட்டம்) 83 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 85. கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் வாயு எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது, என்னுடையதில் 9.0, அதில் 10.0. ஜங்க்யார்டில் ஒரு செட் கிடைத்தது.

இறக்குவதற்கு முன் நாலு சிலிண்டரிலும் எடுத்த கம்ப்ரஷன் அழுத்தம்: 165, 170, 158, 168 பிஎஸ்ஐ. மூன்றாவதுதான் ஆயில் குடிப்பவன் என்று சந்தேகம்.

ஜனவரி 14, ஞாயிறு

வாங்கின பிஸ்டன்கள் சொன்ன வண்டியிலிருந்து வந்தவைதானா? விற்றவர் வாய்ச்சொல் ஒன்றே ஆதாரம். அதனால் அளந்தேன்.

ஒரு சிலிண்டரில் பிஸ்டன் மேலும் கீழும் நகரும் இடம் 459.9 சி.சி. கம்ப்ரஷன் 9 என்றால் மேலே மிஞ்சும் இடம் 57.5 சி.சி.; 10 என்றால் 51.1. ஆக, புதுப் பிஸ்டனின் தலை பழையதைவிட ஆறு சி.சி. சொச்சம் இடத்தை அடைத்துக்கொள்ள வேண்டும். போருக்குள் இரண்டையும் ஒரே ஆழத்தில் நிறுத்தி, ஓரத்தில் கிரீஸ் தடவி, மேலே கண்ணாடித் தகடு வைத்து, பியூரெட்டிலிருந்து சாயம் கலந்த ஸ்பிரிட்டை விட்டேன். புதியது 6.1 சி.சி. குறைவாக வாங்கிக்கொண்டது. கணக்குப் போட்டால் 9.95. நம்ப முடியாமல் மூன்று முறை ஊற்றினேன். எண் மாறவில்லை.

இதனால் சக்தி எவ்வளவு கூடும்? பெட்ரோல் எஞ்சினுக்கான ஓட்டோ சுழற்சியின் ஏட்டுக் கணக்கில் திறன் 58.5 சதவீதத்திலிருந்து 60.2க்குப் போகிறது. 128 குதிரைசக்தியில் நாலு கூடினால் அதிகம். அந்த நாலுக்காக மட்டும் யாரும் எஞ்சினைப் பிரிக்கக் கூடாது. எப்படியும் பிரித்த எஞ்சினில் அதை விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 27, சனி

சிலிண்டர் சுவரை ஹோன் செய்து (புது ரிங் படிய லேசாகத் தேய்த்து) வாங்கி வந்தேன். நாள் முழுக்க ரிங் பள்ளங்களில் இறுகிய கரியைச் சுரண்டும் வேலை. உடைத்த பழைய ரிங் துண்டைவிட நல்ல கருவி இதற்குக் கிடையாது. நாலு பிஸ்டன்களுக்கும் எடை வித்தியாசம் இரண்டு கிராமுக்குள். திருப்தி.

இதில் பிஸ்டனை ராடோடு இணைக்கும் கஜன் பின் ராடில் இறுக்கப் பிடிப்பாக உட்காருவது. ராடின் சின்ன முனையைச் சூடாக்கித்தான் இறக்க வேண்டும். வீட்டில் செய்கிற வேலை இல்லை; மெஷின் ஷாப்பில் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 10, சனி

ராடு ஏற்றிய பிஸ்டன்கள் வந்தன. ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்தேன். பொள்ளாச்சியில் நாற்பது வருஷம் டிராக்டர் எஞ்சின் பிரித்த கை அவருடையது.

"நாலையும் வரிசையா வெச்சுப் பாத்தயா கண்ணு?"

"இல்லீங்ப்பா, இனிமேதான்."

"போனை வெக்காத. இப்பவே பாரு."

மேஜையில் வரிசையாக வைத்தேன். பிஸ்டனில் உள்ள எஃப் எழுத்து எஞ்சினின் முன்பக்கம் பார்க்க வேண்டும். மூன்றில் எஃப் ஒரு பக்கம். ராடில் பேரிங் நகராமல் பூட்டும் பள்ளம் அதற்கு ஏற்ற பக்கம். நாலாவதில் ராடு திரும்பி இருந்தது.

அப்படியே போட்டிருந்தால்? நினைக்கவே பயமாக இருந்தது. ஷாப்பில் தவறை ஒப்புக்கொண்டார்கள். பின்னை அழுத்தி வெளியே எடுத்தபோது பிஸ்டனின் உட்பக்கத்தில் கீறல் விழுந்துவிட்டது. அதை இனிமேல் போட முடியாது. இன்னொரு பிஸ்டன் தேட வேண்டும்.

மார்ச் 2, சனி

நாலாவது பிஸ்டன் வந்து, அளந்து, எடைபோட்டு, ராடில் ஏறிவிட்டது. இந்த முறை ஷாப்பிலேயே நின்று பார்த்தேன்.

பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, வால்வுகள் உள்ள ஹெட்டை மாட்டி, வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டோடு கையால் இரண்டு சுற்று சுற்றிக் கழற்றினேன். வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணை வெட்டி அளந்தால் தாராளமாக இடம் இருக்கிறது. ஆனால் இது பெல்ட் ஒழுங்காக ஓடும்போது உள்ள கதை. 1995 எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது என்ற நிம்மதி இருந்தது. பிஸ்டன் மாறிய பிறகு அதை நம்பப் போவதில்லை. கம்பெனி சொல்லும் 60,000 மைலுக்குக் காத்திராமல் முன்னாலேயே பெல்ட்டை மாற்றிவிடுவேன்.

மார்ச் 17, ஞாயிறு

இரண்டாவது முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. இந்த வருஷ மாடலில் நாக் சென்சார் கிடையாது. எஞ்சின் நாக்கிங் அடித்தாலும், அதாவது பெட்ரோல் தறிகெட்டு வெடித்துத் தட்டினாலும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது, தீப்பொறி விழும் நேரத்தை (டைமிங்கை) பின்னுக்கு இழுக்காது. அதனால் டேங்கில் நாக்கிங்கைத் தாங்கும் 93 ஆக்டேன் பெட்ரோல். டைமிங் கம்பெனி வைத்த 10 டிகிரியிலேயே. 14க்கு ஏற்றச் சொல்பவர்கள் உண்டு. இந்த எஞ்சினில் செய்ய மாட்டேன்.

மார்ச் 30, சனி

300 மைல் ஓடியாயிற்று. கம்ப்ரஷன் அழுத்தம் இப்போது 200, 198, 202, 199 பிஎஸ்ஐ. இதில் புது ரிங்குக்கும் ஹோனுக்கும் பெரிய பங்கு உண்டு. எல்லாவற்றையும் பிஸ்டன் கணக்கில் எழுத மாட்டேன். மேட்டில் மூன்றாம் கியரில் பெடலை முழுசாக மிதித்து, ஜன்னலை இறக்கி, காது கொடுத்துக் கேட்டேன். நாக்கிங் இல்லை. பாதி மிதியில் முன்பைவிடச் சட்டென்று எழுகிறது.

அப்பாவுக்குச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். திரும்ப வந்த ஒரே கேள்வி: "ஆயில் எறங்குதா கண்ணு?"

டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். இறங்கவில்லை.