மூன்று அட்டைகளால் ஒரு சந்தாத் தளத்தைச் சோதிப்பது

கோலாலம்பூரில் வீணைப் பாடமோ சமையல் காணொளியோ தொடர்கதையோ மாதச் சந்தாவுக்குத் தர நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, எந்தத் தளம் குறைவாகக் கமிஷன் எடுக்கிறது என்பதுதான். அது பாதிக் கேள்வி. பணம் எந்த வழியாகக் கைக்கு வருகிறது, அந்த வழி ஒருநாள் அடைபட்டால் சந்தாதாரர்களைக் கூட்டிக்கொண்டு வேறிடம் போக முடியுமா என்பது மீதிப் பாதி. நாங்கள் தளங்களைச் சோதித்த வரிசையிலேயே எழுதுகிறோம்.

அதற்கு முன், கொஞ்சம் தயங்கிக் கேட்கப்படும் இன்னொரு கேள்வி: வயதுவந்தோருக்கான படைப்புகளுக்குப் பெயர்பெற்ற ஒன்லிஃபேன்ஸ் மாதிரிச் சந்தாத் தளம் சரிவருமா? மலேசியாவில் இருந்துகொண்டு ஆபாசப் படைப்பை விற்பது குற்றம். தண்டனைச் சட்டம் 292ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. தகவல் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில், 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் அபராத உச்சவரம்பை 50,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 500,000 வெள்ளியாகவும், சிறையை ஓராண்டிலிருந்து இரண்டாண்டாகவும் உயர்த்திவிட்டது. தளம் லண்டனில் இருப்பதால் நமக்கு ஒன்றும் ஆகாது என்று யாரும் நம்ப வேண்டாம். பக்கத்துச் சிங்கப்பூரில் 2022இல் ஒன்லிஃபேன்ஸ் படைப்பாளி ஒருவருக்கு 3,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதமும், கணக்கைத் தொடக்கூடாது என்ற போலீஸ் ஆணையை மீறியதற்காக 3 வாரச் சிறையும் கிடைத்தன. ஆகவே அந்தத் தளத்தில் சேருவதற்கு இங்கே வழிகாட்டவில்லை.

ஆனால் அந்தத் துறைக்கு நடந்ததை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டில் ஒன்லிஃபேன்ஸ் அப்பட்டமான பாலியல் படைப்புகளைத் தடைசெய்யப் போவதாக அறிவித்தது. அந்தப் படைப்புகளால் வளர்ந்த தளமே அப்படி அறிவித்ததற்கு அது சொன்ன காரணம் வங்கிகள். ஒரு வாரத்துக்குள் முடிவை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் மாஸ்டர்கார்டு, இத்தகைய தளங்களுக்கு வயதுச் சரிபார்ப்பையும் எழுத்துமூலச் சம்மதத்தையும் கட்டாயமாக்கியது. 2024இல் மின்படைப்புகளை விற்கும் கம்ரோடு தளமும் 2025 ஜூலையில் கணினி விளையாட்டுகளை விற்கும் இட்ச் தளமும் பணப் பரிமாற்ற நிறுவனங்களைக் காரணம் காட்டி வயதுவந்தோர் படைப்புகளைக் கட்டுப்படுத்தின. விதியை எழுதுவது தளம் மட்டுமல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் அட்டை நிறுவனங்களும்தான். தாய்ப்பால் ஊட்டும் முறையைப் படத்தோடு சொல்லும் பாடமோ, திருமண உறவை வெளிப்படையாகப் பேசும் தொடர்கதையோ இந்த வலையில் சிக்கலாம். எனவே முதல் வேலை, தளத்தின் விதியையும் அதன் பின்னால் பணத்தை வாங்கித் தரும் ஸ்ட்ரைப் அல்லது பேபால் நிறுவனத்தின் தடைப் பட்டியலையும் சேர்த்துப் படிப்பது. ஸ்ட்ரைப் 2019 முதல் மலேசியாவில் இயங்குகிறது. பட்டியல் அதன் தளத்திலேயே இருக்கிறது.

அடுத்தது கணக்கு. ஒரு தளம் 10% கமிஷன் எடுக்கிறது, அட்டைக் கட்டணம் 2.9% கூட்டல் 30 சென்ட் தனி என்று வைத்துக்கொள்வோம். 10 டாலர் சந்தாவில் 8.41 மிஞ்சும். 5 டாலரில் ஏறத்தாழ 4.06. 3 டாலரில் 2.31. 1 டாலரில் 57 சென்ட்தான். எல்லாம் உள்ளடக்கி 20% எடுக்கும் தளமோ 3 டாலருக்கு 2.40 தரும், அதாவது கூடுதல். இரண்டும் சமமாவது 4.23 டாலரில். அதற்குக் கீழே விலை வைப்பவருக்கு 20% தளமே லாபம், மேலே வைப்பவருக்கு 10% தளம். அந்த 30 சென்ட்தான் சின்னச் சந்தாவைத் தின்கிறது. 'கமிஷன் குறைவு' என்ற ஒற்றை வரியை நம்பி 1 டாலர் சந்தா தொடங்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இதற்கு மேல் நாணய மாற்றத்திலும் ஒரு பங்கு போகும். ஆப்பிள் கைப்பேசியில் செயலிக்குள்ளேயே சந்தா கட்டினால் ஆப்பிளுக்கு 30% வரை போகலாம்; சந்தாதாரரிடம் உலாவி வழியாகச் சேரச் சொல்லுங்கள்.

இப்போது மூன்று அட்டைகள். பக்கத்தை வெளியே அறிவிக்கும் முன், மிகச் சிறிய சந்தாவை மூன்று உறவினர் அல்லது நண்பர்களின் அட்டையில் கட்டச் சொல்லுங்கள்: ஒன்று மலேசிய டெபிட் அட்டை, ஒன்று சிங்கப்பூர் அட்டை, ஒன்று சென்னை அட்டை. சிங்கப்பூர் அட்டை பெரும்பாலும் சிக்கலின்றிப் போகும். மலேசிய டெபிட் அட்டையில் வெளிநாட்டு இணையக் கட்டணம் முடக்கப்பட்டிருப்பது வழக்கம். வங்கிச் செயலியில் போய்த் திறந்துவிட வேண்டும். இதை அத்தைமார்களுக்குப் படம் எடுத்து வாட்சப்பில் அனுப்பிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். வங்கிக் கணக்கிலிருந்து நேரே கட்டும் மலேசிய முறையான எஃப்பிஎக்ஸ் வழியாக ஒருமுறை கட்டலாம், சாதாரணமாக மாதாமாதம் தானாகப் பிடிக்காது.

சென்னை அட்டைதான் பெரிய தலைவலி. 2021 அக்டோபர் முதல் இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தொடர் கட்டணத்துக்கு அட்டைதாரர் முன்கூட்டியே தனி அனுமதி பதிய வேண்டும். பல வெளிநாட்டுத் தளங்கள் அந்த ஏற்பாட்டோடு சரியாகப் பொருந்தவில்லை. முதல் மாதம் பணம் போகும், இரண்டாம் மாதம் நின்றுவிடும். அதனால் சோதனையை ஒரே நாளில் முடிக்காமல் இரண்டாவது கட்டணம் பிடிக்க வேண்டிய நாள் வரை விட்டுவைக்க வேண்டும். தமிழ்நாட்டு வாசகர் அதிகமென்றால் மாதச் சந்தாவோடு, ஒரே முறை வாங்கும் ஆண்டுத் தொகுப்பையும் வைப்பது நல்லது.

பணத்தை வங்கிக்கு எடுக்கும் கட்டம் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. ஐசியில் (அடையாள அட்டையில்) பெயர் 'ஏ/எல்' (இன்னாரின் மகன்) அல்லது 'ஏ/பி' (இன்னாரின் மகள்) என்ற இணைப்போடு இருக்கும். படிவம் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும், சாய்கோட்டை ஏற்காது. நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயர்தான். சோதனையில் ஒரு தளம் பெயர் பொருந்தவில்லை என்று மூன்று முறை திருப்பியது. சாய்கோட்டை எடுத்துவிட்டு, சொந்தப் பெயரை முதற்பெயரிலும் 'ஏஎல்' சேர்த்து அப்பா பெயரைக் குடும்பப் பெயரிலும் எழுதி, ஐசிக்குப் பதில் கடப்பிதழ் நகலைக் கொடுத்ததும் நான்காம் முறை ஏற்றது. வங்கிக் கணக்கு, பேபால், தளம் மூன்றிலும் ஒரே எழுத்து வரிசை இருக்க வேண்டும். இதைச் சந்தாதாரர் சேருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பணம் உள்ளே மாட்டிக்கொண்ட பிறகு செய்வது கொடுமை.

வெளியேறும் வழியில் தளங்களுக்கிடையே பெரிய வித்தியாசம் உண்டு. மின்னஞ்சல் வழிக் கட்டுரைகளுக்கான சப்ஸ்டாக்கில் ஸ்ட்ரைப் கணக்கு நம்முடையது, மின்னஞ்சல் பட்டியலை இறக்கிக்கொள்ளலாம். படைப்பாளிகளுக்கு ஆதரவுப் பணம் திரட்டும் கோ-ஃபியில் பணம் நேரே நம் பேபால் அல்லது ஸ்ட்ரைப்புக்கு வருகிறது. மாதச் சந்தாத் தளமான பேட்ரியானில் மின்னஞ்சல் பட்டியல் கிடைக்கும், ஆனால் அட்டை விவரம் நகராது. ஒவ்வொருவரும் புதிதாகச் சேர வேண்டும்.

வரியைச் சுருக்கமாகச் சொல்லலாம். இங்கே உட்கார்ந்து செய்யும் வேலையின் வருமானம் மலேசிய வருமானம். எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையம்) வணிகத்தைப் பதிவு செய்ய சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. வருமான வரிக்குப் 'பி' படிவம். கணக்கு வழக்குகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். யூடியூப் உறுப்பினர் திட்டம் வைத்திருப்பவர்கள் அமெரிக்க வரிப் படிவத்தைத் தவறாமல் நிரப்பவும். மலேசியாவுக்கு அமெரிக்காவோடு முழுமையான வரி ஒப்பந்தம் இல்லாததால் அமெரிக்கப் பார்வையாளர் வழி வருவதில் 30% போகும். படிவமே கொடுக்காவிட்டால் உலகம் முழுவதும் வரும் மொத்தத்திலும் 24% பிடிக்கக்கூடும்.

தளம் முடிவான பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, சந்தாதாரர் பட்டியலை இறக்கி, கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் சேமித்து வையுங்கள். கோப்பின் பெயரில் தேதி இருக்கட்டும்.