பனோரமாவின் பார்வைக் கோணம்: கணக்குக் குறிப்புகள்

பிப்ரவரி 3

பல படங்களை ஒட்டி எடுத்த பனோரமா எத்தனை டிகிரியைக் காட்டுகிறது என்பதை, படத்தின் நீள அகல விகிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. 3:1 பனோரமா 60 டிகிரியாகவும் இருக்கலாம், 200 டிகிரியாகவும் இருக்கலாம். எந்த முறையில் விரித்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி: உருளையா (காட்சியை உருளைமேல் பதித்து விரித்தது), தட்டையா (சமதளத்தில் பதித்தது)? மதில் விளிம்பு, கூரை ஓரம் போன்ற கிடைக்கோடுகள் வில்லாக வளைந்தால் உருளை; நேராகவே நின்றால் தட்டை. அடிவானத்தை நம்ப வேண்டாம். கேமரா மட்டமாக இருந்திருந்தால் இரண்டிலும் அது நேராகத்தான் வரும்.

பிப்ரவரி 4

ஒற்றைப் பிரேமின், அதாவது ஒட்டுவதற்கு எடுக்கும் ஒரு படத்தின், கோணம் = 2 × ஆர்க்டான் (சென்சார் அகலம் ÷ குவியத் தூரத்தின் இரு மடங்கு). ஆர்க்டான் என்பது டேன்ஜென்ட்டின் தலைகீழ். முழுப் பிரேம் சென்சார் 36×24 மிமீ, லென்ஸ் 50 மிமீ என்றால் கிடையாகப் பிடித்தால் 39.6 டிகிரி, நிமிர்த்திப் பிடித்தால் 27.

நிமிர்த்திப் பிடித்து 18 டிகிரிக்கு ஒரு படம் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு மேல்கவிவு (அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி) கிடைக்கும். முழுச் சுற்றுக்கு 20 படங்கள். 7 படம் மட்டும் என்றால் 7×18 அல்ல, 6×18 + 27 = 135. கடைசிப் படத்தின் முழு அகலத்தையும் சேர்க்க வேண்டும் என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

பிப்ரவரி 6

உருளைப் படத்துக்குக் குவியத் தூரத்தைப் பிக்சலாக மாற்றினால் போதும். 36 மிமீ அகலத்தில் 6000 பிக்சல் என்றால், 50 மிமீ = 8333 பிக்சல். ஒட்டிய படத்தின் அகலம் 17,450 எனில், 17,450 ÷ 8333 = 2.094 ரேடியன். ஒரு ரேடியன் 57.3 டிகிரி, அதனால் பெருக்கினால் 120 டிகிரி. உயரத்துக்கு இந்த வகுத்தல் செல்லாது, அங்கே ஆர்க்டான்தான்.

படத்தின் அளவைச் சுருக்கியிருந்தால் 8333-ஐயும் அதே விகிதத்தில் சுருக்க வேண்டும். ஓரங்களை வெட்டியிருந்தால் 8333 அப்படியே இருக்கும். வெட்டுவதையும் சுருக்குவதையும் குழப்பினால் விடை எங்கோ போய்விடும்.

பிப்ரவரி 10

யாரோ எடுத்த படம், லென்ஸ் விவரம் எதுவும் இல்லை. உருளைப் படமாக இருந்தால் வரைபடம் கைகொடுக்கும். எடுத்த இடத்திலிருந்து இரண்டு அடையாளங்களின் திசைக்கோணம் (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளப்பது): ஒன்று 42, மற்றது 87 டிகிரி. படத்தில் அவை 1200, 4950-ஆம் பிக்சல்களில் நிற்கின்றன. 3750 ÷ 45 = டிகிரிக்கு 83.3 பிக்சல். மொத்த அகலம் 10,000 என்றால் 120 டிகிரி.

அடையாளங்கள் தொலைவில் இருக்கட்டும். நின்ற இடத்தைப் பக்கவாட்டில் 10 மீட்டர் தவறாகக் குறித்தால் 500 மீட்டர் தூரக் கோபுரம் 1 டிகிரிக்கு மேல் நகரும். 5 கிமீ தூர மலையுச்சிக்கு 0.1 டிகிரிதான். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களிலிருந்து திசைக்கோணம் கணக்கிட்டால், தீர்க்கரேகை வித்தியாசத்தை அட்சரேகையின் கொசைனால் பெருக்க மறக்கக் கூடாது. 45 டிகிரி அட்சரேகையில் அது 0.71, சும்மா விட்டுவிடக்கூடிய பிழை அல்ல.

பிப்ரவரி 11

தட்டைப் படத்தில் நேற்றைய வகுத்தல் பலிக்காது. 90 டிகிரி, 10,000 பிக்சல் படத்தில் நடுவில் ஒரு டிகிரி 87 பிக்சல், ஓரத்தில் 174. சரியாக இரு மடங்கு! 120 டிகிரியில் நான்கு மடங்கு, முகங்கள் பூசணிக்காயாகிவிடும். அதற்கு மேல் தட்டை முறையை எடுக்காமல் இருப்பதே மேல்.

பிப்ரவரி 15

லென்ஸில் பொறித்த 50 மிமீ தோராயம்தான், அதுவும் முடிவிலியில் குவிக்கும்போது. கிட்டத்தில் குவித்தால் பல லென்ஸ்களில் கோணம் மாறும். குவிய வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுவது நல்லது. போன்களில் எக்ஸிஃப் (படக் கோப்பில் பதியும் கேமரா விவரம்) தரும் '35 மிமீ இணை' எண்ணிலும், அதாவது முழுப் பிரேமுக்கு ஈடான குவியத் தூரத்திலும், சிக்கல் உண்டு. அது மூலைவிட்டக் கணக்காக இருந்தால், 4:3 படத்தில் 26 மிமீ என்பது கிடையாக 67.3 டிகிரி. 36 மிமீ அகலம் என்று போட்டால் 69.4 வரும்.

நம்பகமான அளவுகோல் முழுச் சுற்றுதான். 27 டிகிரி என்று கொடுத்து ஒட்டினால், உண்மையில் 26.7 ஆக இருக்கும் லென்ஸ் சுற்று முடிவில் 4 டிகிரி மிஞ்ச வைக்கும். படங்களை ஒட்டும் மென்பொருளான ஹகினில் பார்வைக் கோணத்தையும் சேர்த்துத் திருத்தச் சொன்னால், சுற்று மூட வேண்டிய கட்டாயத்தில் அது 26.7-க்கு வந்து நிற்கும். குவியத் தூரம் 50.6 மிமீ. அடுத்து அதே லென்ஸில் எடுக்கும் அரைச் சுற்றுக்கும் இந்த எண்ணையே போடலாம், குவிய வளையத்தைத் தொடாதவரை.