டிவிடி தட்டு இல்லாத கேசிங்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இப்போது விற்கும் புதுக் கொம்பியூட்டர் கேசிங்குகளில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் முழுக்க வலைதான். டிவிடி ரைட்டர் செருகும் ஐந்தேகால் அங்குலத் தட்டைக் காணக் கிடைக்காது.

அந்தத் தட்டு 146 மி.மீ அகலம், 41 மி.மீ உயரம். அகலம் 1976இல் வந்த ஃபுளொப்பி ரைவிலிருந்து வந்தது. 120 மி.மீ சீடியும் அதற்குள் அடங்கியதால் சீடி, டிவிடி ரைட்டர்களும் அதே தட்டிலேயே குடியேறின. இன்று அந்த இடம் காற்றுக்குத் தேவை. 120 மி.மீ விசிறி மூன்றை மேலிருந்து கீழாக அடுக்க 360 மி.மீ வேண்டும், தட்டு இருந்தால் மேல் விசிறிக்கு இடமில்லை. 300 மி.மீ தாண்டும் கிராபிக்ஸ் கார்ட்டுகள் பழைய கேசிங்கின் முன்பக்க ஹார்ட் டிஸ்க் கூட்டில் முட்டும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் மெல்லிய எம்.2 எஸ்எஸ்டியோ பெரும்பாலும் 22க்கு 80 மி.மீ, ஒரே திருகாணியில் மதர்போட்டிலேயே படுத்துவிடும். நம் ஊர் வெக்கைக்கு இந்த மாற்றம் நல்லதே. ஆனால் வலை வழியே கடற்கரைத் தூசும் ஈரமும் உள்ளே வரும். ஃபில்டரைக் கழுவினால் நன்றாகக் காயவைத்த பிறகே மாட்டுங்கள்.

கல்யாண வீடியோவை டிவிடியில் வைத்திருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். எழுதும் டிவிடியின் சாயம் வெயிலிலும் சூட்டிலும் கெடும், ஆகவே பிரதி எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். சாட்டா (SATA) இணைப்புள்ள பழைய ரைட்டர் இருந்தால் போதும். கொம்பியூட்டரை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, கேசிங்கின் பக்கத் தகட்டைத் திறந்து, ரைட்டரை மேசையில் சமமாக வைத்து, டேட்டா வயரையும் 15 பின் பவர் வயரையும் செருகுங்கள். கேசிங்கைத் திறக்காமல் யூ.எஸ்.பி வழியே இணைப்பதானால், லப்டொப் டிஸ்க்குக்கான யூ.எஸ்.பி வயர் இதற்கு உதவாது: அது 5 வோல்ட் மட்டுமே கொடுக்கும், பெரிய ரைட்டருக்கு 12 வோல்ட்டும் வேண்டும். தனி பவர் அடப்டரோடு வருவதை வாங்குங்கள். மெல்லிய யூ.எஸ்.பி ரைட்டர் டிஸ்க்கைச் சுழற்றத் திணறி நின்றுபோனால், முன்பக்கப் போர்ட்டை விட்டு மதர்போட்டின் பின்பக்கப் போர்ட்டில் செருகிப் பாருங்கள். பழைய நான்கு பின் வயரை சாட்டாவாக மாற்றும் வார்ப்புப் பிளாஸ்ரிக் இணைப்பிகளைத் தவிர்ப்பது நல்லது. உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று பட்டு எரியக்கூடும்.

திருகாணியிலும் கவனம். டிவிடி ரைட்டருக்கும் இரண்டரை அங்குல எஸ்எஸ்டிக்கும் நெருக்கமான மரையுள்ள எம்3 (3 மி.மீ) திருகாணி. மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு அகன்ற மரை. மாற்றி முறுக்கினால் துளையின் மரை தேய்ந்துபோகும்.

ஹார்ட் டிஸ்க் இரண்டுக்கு மேல் தேவையென்றால், வாங்கும் முன் பவர் சப்ளைக்குப் பக்கத்திலுள்ள கூட்டைத் திறந்து எண்ணிப் பாருங்கள். பலவற்றில் இரண்டுதான் இருக்கும்.